வாக்கிங், வடை, எடை மெஷின்: உடம்போட வரவு செலவு எப்படித்தான் ஓடுது?

"தினமும் முக்கா மணி நேரம் நடக்கறேன் சார், மூணு மாசமாச்சு, எடை மட்டும் அசைய மாட்டேங்குது." எந்த ஊர் பார்க் பெஞ்சுல வேணா அஞ்சு நிமிஷம் உக்காருங்க, இந்த டயலாக் காதுல விழும். சொல்றவர் பொய் சொல்லல, நிஜமாவே நடக்கறார். அப்ப எங்க இடிக்குது?

கணக்கைப் போட்டே பாத்துடலாம். 70 கிலோ இருக்கற ஒருத்தர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல 45 நிமிஷம் நடந்தா சுமாரா 180 கலோரி செலவாகும். ஆனா அவர் அந்த 45 நிமிஷம் வீட்ல பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருந்தாலும் 50 கலோரி செலவாகிருக்கும்ல, அதைக் கழிக்கணும், அப்ப நடந்ததால வந்த எக்ஸ்ட்ரா செலவு 130தான். இப்ப பார்க் வாசல்ல டீக்கடை. பால் டீ, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, அது ஒரு 80 கலோரி. கூட ஒரு உளுந்து வடை, சைஸைப் பொறுத்து, எண்ணெய் எவ்ளோ குடிச்சிருக்குங்கறதைப் பொறுத்து 100லேர்ந்து 150. நடந்தது 130, உள்ள போனது 200. இவ்ளோதான் விஷயம்னு முடிச்சுடலாம்தான், நிறைய பேர் இத்தோட முடிச்சுட்டு "வடையை நிறுத்துங்க"னு அட்வைஸ் பண்ணிட்டுப் போயிடுவாங்க. ஆனா உடம்பு இவ்ளோ சிம்பிளா கணக்கு எழுதறதில்ல, இந்தக் கட்டுரையே அதைப் பத்திதான்.

முதல்ல அடிப்படை. கலோரிங்கறது சூட்டோட அளவு. நாம சாப்பாட்டுல "கலோரி"னு சொல்றது உண்மைல கிலோ கலோரி, ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேத்த எவ்ளோ வேணுமோ அவ்ளோ. பாக்கெட்டு பின்னாடி போட்டிருக்கறதும் அதான். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரோட்டீனும் 4, கொழுப்பு 9, சரக்கு அடிக்கறவங்களுக்காகச் சொல்றேன், ஆல்கஹால் 7. இந்த நம்பரெல்லாம் 1890கள்ல அமெரிக்காவுல ஆட்வாட்டர்னு ஒரு கெமிஸ்ட் வேலை பாத்து எடுத்தது. ஆளுங்களை ஒரு மூடின ரூம்குள்ள நாள்கணக்குல உக்கார வச்சு, என்ன சாப்பிடறாங்க, எவ்ளோ மூச்சு விடறாங்க, உடம்புலேர்ந்து எவ்ளோ சூடு வருதுன்னு அளந்தாரு. உள்ள போனதும் வெளிய வந்ததும் டேலி ஆச்சு. அடுப்புல விறகு எரியறதுக்கு என்ன விதியோ அதே விதிதான் மனுஷனுக்கும்னு நிரூபணம் ஆன இடம் அது. அதனால "எனக்கு மட்டும் காத்தைக் குடிச்சாக்கூட எடை ஏறுது"ங்கறது நடக்காத காரியம். ஏன் அப்படித் தோணுதுங்கறது வேற கதை, கொஞ்சம் பொறுங்க, வரேன்.

செலவுப் பக்கம் பாத்தா பெரும்பாலானவங்களுக்கு ஆச்சரியமா இருக்கும். ஒரு நாளைக்கு நாம செலவழிக்கறதுல 60லேர்ந்து 70 சதவீதம் வரை சும்மா உயிரோட இருக்கறதுக்கே போயிடுது. இதயம் அடிக்கணும், மூளை ஓடணும், ஈரல், கிட்னி எல்லாம் ராத்திரி பகல் பாக்காம டூட்டி. மூளை மட்டுமே இதுல அஞ்சுல ஒரு பங்கை வாங்கிக்குது, பரிட்சைக்குப் படிச்சாலும் சரி, சீரியல் பாத்தாலும் சரி, அதுல பெரிய வித்தியாசம் இல்ல. அப்புறம் சாப்பிட்டதை செரிக்கறதுக்கே ஒரு 10 சதவீதம். மிச்சம் இருக்கறதுதான் நடமாட்டம், அதுலயும் ஜிம், வாக்கிங்னு ப்ளான் போட்டு பண்றது கொஞ்சம்தான், பாத்திரம் தேய்க்கறது, மாடி ஏறறது, பஸ்ஸுக்கு ஓடறது, போன் பேசிட்டே ரூமுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா நடக்கறதுன்னு கணக்குல வராத அசைவுதான் நிறைய.

ஜிம்ல ஒரு டயலாக் சொல்வாங்க, "மசில் ஏத்துங்க ப்ரோ, தூங்கும்போதே கலோரி எரியும்"னு. எரியும்தான், ஆனா எவ்ளோ? ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்கு சுமார் 13 கலோரி, ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5. அப்ப படாத பாடுபட்டு ரெண்டு கிலோ தசை ஏத்தினா ஒரு நாளைக்கு 26 கலோரி, அரை பிஸ்கட். தசை ஏத்தறதுக்கு நல்ல காரணங்கள் வேற நிறைய இருக்கு, இது அதுல இல்ல.

ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அதான் என்ஐஎன், 2020ல கொடுத்த கணக்குப்படி உக்காந்து வேலை பாக்கற 65 கிலோ ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரி வேணும், நடுத்தர வேலைன்னா 2710, மூட்டை தூக்கற மாதிரி கடும் உழைப்புன்னா 3470. 55 கிலோ பொம்பளைங்களுக்கு இதே வரிசைல 1660, 2130, 2720. (சைடுல ஒரு தகவல், இந்த நிறுவனம் 1918ல நம்ம குன்னூர்ல ஒரே ஒரு ரூம்லதான் ஆரம்பிச்சது, 1958லதான் ஹைதராபாத் போச்சு.) அந்த 2110க்கும் 3470க்கும் நடுவுல இருக்கற 1360 கலோரியைப் பாருங்க, அதுதான் உழைப்போட விலை. அரை மணி நேர வாக்கிங்ல அந்த இடத்தை எட்டிப்பிடிக்க முடியாது, நாள் முழுக்க உடம்பு அசையணும்.

வழக்கமா இந்த டாபிக்கைச் சொல்றவங்க எல்லாரும் பேங்க் அக்கவுண்ட் உதாரணம்தான் சொல்வாங்க. சாப்பாடு டெபாசிட், உழைப்பு வித்ட்ராயல், மிச்சம் தொப்பைல சேவிங்ஸ். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு இடத்துல இது தப்பா போகுது. பேங்க்ல நீங்க பணம் எடுத்தா உங்க சம்பளம் தானா ஏறாது, சம்பளம் கம்மியானா கரண்ட் பில் தானா குறையாது. உடம்புல ரெண்டுமே நடக்கும். வரவுக்கு செலவு தெரியும், செலவுக்கு வரவு தெரியும், ஒண்ணை நீங்க இழுத்தா இன்னொண்ணு பின்னாடியே நகரும்.

இதை முதல்ல தெளிவா காமிச்ச ஆராய்ச்சி நடந்தது நம்ம நாட்டுலயேதான், நிறைய பேருக்குத் தெரியாது. மேற்கு வங்கத்துல, ஹூக்ளி ஆத்தோரம், ஹவுரா மாவட்டத்துல செங்கைல்னு ஒரு ஊர், அங்க லட்லோ சணல் மில். ஹார்வர்ட்ல இருந்த ழான் மேயர்னு ஒரு ஊட்டச்சத்து விஞ்ஞானி, பிரான்ஸ்ல பொறந்தவர், அவரும் கூட ராய், மித்ரான்னு ரெண்டு பேரும் சேந்து அந்த மில்லுல வேலை பாத்த 213 ஆம்பளைங்க என்ன சாப்பிடறாங்க, என்ன எடை, எந்த வேலைன்னு எடுத்தாங்க, 1956ல வெளியிட்டாங்க. ஒரு மில்லுங்கறது எவ்ளோ வசதி பாருங்க இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு. ஒரே காம்பவுண்டுக்குள்ள நாள் முழுக்க கடையில உக்காந்திருக்கறவர் இருக்கார், சூப்பர்வைசர் இருக்கார், கிளார்க் இருக்கார், மெக்கானிக், டிரைவர், நூல் சுத்தறவர், நெசவு பண்றவர், அதுக்கும் கீழ மூட்டை சுமக்கறவர், சாம்பல் அள்ளறவர். உக்காந்தே இருக்கறதுலேர்ந்து முதுகு ஒடியற வரைக்கும் எல்லா படியும் ஒரே இடத்துல.

இப்ப நீங்களே யோசிங்க, யார் அதிகம் சாப்பிடுவா? சுமை தூக்கறவர்தானே. ஆமா, லேசான வேலைலேர்ந்து கடுமையான வேலை வரைக்கும் போகப் போக சாப்பாடு கூடிட்டே போச்சு, எடை மட்டும் அப்படியே இருந்துச்சு. அதாவது எவ்ளோ உழைச்சாங்களோ அவ்ளோ பசிச்சுது, கணக்கு சரியா டேலி. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது இன்னொரு முனையில இருந்துச்சு. கடையில உக்காந்தே இருந்தவங்க, சூப்பர்வைசர்ங்க, இவங்க லேசா வேலை பண்றவங்களை விட கம்மியா சாப்பிடணும்ல? இல்ல, அவங்களை விட ரொம்ப அதிகமா, கிட்டத்தட்ட கடுமையா உழைக்கறவங்க அளவுக்குச் சாப்பிட்டாங்க, எடையும் அவங்களுக்குத்தான் மில்லுலயே அதிகம்.

மேயர் இதுக்கு முன்னாடியே 1954ல எலிங்களை வச்சு இதே மாதிரி ஒண்ணு பாத்திருந்தார். ட்ரெட்மில்ல ஒரு மணி நேரம் ஓடின எலிங்க, ஓடாம சும்மா கெடந்த எலிங்களை விட அதிகமா சாப்பிடல, கொஞ்சம் கம்மியாவே சாப்பிட்டுச்சுங்க. சும்மா கெடந்ததுங்க எடை போட்டுச்சுங்க. அதுலேர்ந்து அவர் சொன்னது இதான்: ஒரு அளவுக்கு மேல உடம்பு அசைஞ்சாதான் பசி அளவா வேலை செய்யும், அந்த அளவுக்குக் கீழ போயிட்டா பசிக்கு பிரேக் பிடிக்காம போயிடும்.

சணல் மில் ஆராய்ச்சியை அப்படியே வேதவாக்கா எடுத்துக்கவும் கூடாது. கடை வச்சிருக்கறவர் கையில காசு ஜாஸ்தி, சாம்பல் அள்ளறவர் கையில கம்மி, காசு இருக்கறவர் நெய்யும் ஸ்வீட்டும் வாங்கறதுல என்ன அதிசயம். ஒரு சமயத்துல எடுத்த படம் மட்டும்தான் அது, வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்ததில்ல. இருந்தாலும் என்னைக் கேட்டா இந்தத் துறைல அந்த ஒரு கிராஃப் சொல்ற அளவுக்கு விஷயத்தை பல புத்தகங்கள் சொல்லல. ஏன்னா இன்னிக்கு ஆபீஸ்ல ஒம்பது மணி நேரம் சேர்ல இருக்கற நாம எல்லாரும் அந்த கிராஃப்ல கடைக்காரர் இருக்கற ஓரத்துலதான் நிக்கறோம், "வேலையே செய்யல, ஆனா பசிக்குது"ங்கறோம்ல, அந்த ஓரம்.

சரி, அப்ப நிறைய ஓடினா செலவு ஏறிட்டே போகும்ல? அங்கயும் ஒரு ஆச்சரியம் இருக்கு. டான்சானியாவுல ஹாட்ஸான்னு ஒரு மக்கள், இன்னும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்துதான் வாழறாங்க. ஆம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 11 கிலோமீட்டர் நடக்கறாங்க, பொம்பளைங்க 6 கிலோமீட்டர் பக்கம், கூடவே தோண்டறது, சுமக்கறது எல்லாம். ஹெர்மன் பான்ட்ஸர்னு ஒரு மானிடவியலாளர் இவங்க ஒரு நாளைக்கு மொத்தமா எவ்ளோ செலவழிக்கறாங்கன்னு அளந்து 2012ல வெளியிட்டார். அளக்கற முறையே சுவாரசியமானது: கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுப்பாங்க, ஹைட்ரஜன் தண்ணியா மட்டும்தான் உடம்பை விட்டு வெளிய போகும், ஆக்சிஜன் தண்ணியாவும் போகும், மூச்சுல கார்பன் டை ஆக்சைடாவும் போகும், அப்ப ரெண்டும் குறையற வேகத்துல இருக்கற வித்தியாசத்தை வச்சு எவ்ளோ கார்பன் டை ஆக்சைடு விட்டாங்க, அதிலேர்ந்து எவ்ளோ எரிச்சாங்கன்னு கண்டுபிடிச்சுடலாம். கொஞ்சம் சிறுநீர் சாம்பிள் போதும், ரூம்ல அடைச்சு வைக்க வேண்டியதில்ல, அவங்க பாட்டுக்கு வேட்டைக்குப் போகலாம்.

ரிசல்ட் என்னன்னா, ஆம்பளைங்க சுமார் 2600, பொம்பளைங்க சுமார் 1900. உடம்பு சைஸைக் கணக்குல எடுத்துப் பாத்தா, கார்ல போயி ஆபீஸ்ல உக்காந்துட்டு வர்ற அமெரிக்கர்களுக்கும் இவங்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல! பான்ட்ஸர் சொல்ற விளக்கம், உடம்புக்கு மொத்த செலவுல ஒரு வரம்பு இருக்கு, நடமாட்டம் ஏற ஏற மத்த செலவுகளை, அதாவது உள்ள நடக்கற சில வேலைகளை, உடம்பு சத்தமில்லாம குறைச்சுக்குது. எல்லா ஆராய்ச்சியாளரும் இதை முழுசா ஒத்துக்கல, எந்த அளவுக்கு ஈடுகட்டுதுங்கறதுல இன்னும் சண்டை ஓடுது. ஆனா ஒண்ணு நிச்சயம், ட்ரெட்மில் திரைல "400 கலோரி"னு வந்தா அது முழுசா உங்க கணக்குல எக்ஸ்ட்ராவா சேராது. காலைல ஜிம்ல பிழிஞ்சு எடுத்துட்டு மீதி நாள் பூரா சோபால சாயறோமே, அதுவும் ஈடுகட்டல்தான், லிஃப்ட்டுல போறதும் அதான்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு சோதனை. 1999ல லெவைன்னு ஒரு டாக்டரும் கூட்டாளிகளும் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி அதிகமா ஊட்டினாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு எக்ஸ்ட்ரா. ஏறின கொழுப்பு மட்டும் ஒருத்தருக்கு அரை கிலோகூட இல்ல, இன்னொருத்தருக்கு நாலு கிலோவுக்கு மேல. வித்தியாசம் எங்க வந்துச்சுன்னா, கொஞ்சமா ஏறினவங்க தங்களுக்கே தெரியாம அதிகமா அசைஞ்சிருக்காங்க, எழுந்து நிக்கறது, நடக்கறது, உக்காந்த இடத்துலயே நெளியறது. உங்க க்ளாஸ்ல ஒருத்தன் இருந்திருப்பான், மூணு பிளேட் பிரியாணி அடிப்பான், குச்சி மாதிரியே இருப்பான், காலை ஆட்டிட்டே இருப்பான், ஒரு இடத்துல உக்கார மாட்டான். அவனைப் பாத்துப் பொறாமைப்பட்டு பிரயோஜனம் இல்ல, அது கூடப்பொறந்தது.

சரி, சாப்பாட்டைக் கடுமையா குறைச்சா? 1944 நவம்பர்ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்னு ஒருத்தர் 36 இளைஞர்களை வச்சு ஒரு சோதனை ஆரம்பிச்சார், போர்ல பட்டினி கெடந்த ஐரோப்பியர்களுக்கு எப்படித் திரும்ப சோறு போடறதுன்னு தெரிஞ்சுக்கறதுக்காக. ஆறு மாசம் அரைவயிறு சாப்பாடு. எடைல கால்வாசி போச்சு. ஆனா அதை விட முக்கியமா, அவங்க சும்மா இருக்கும்போது செலவாகறது சுமார் 40 சதவீதம் குறைஞ்சுது. குளிருது, சோர்வு, எதுலயும் ஆர்வம் இல்ல, பேச்சு பூரா சாப்பாட்டைப் பத்தி, சிலர் சமையல் புத்தகமா வாங்கி சேத்தாங்க. உடம்பு தன்னைப் பஞ்சத்துக்குத் தயார் பண்ணிக்குச்சு. உங்களுக்கு வெயிட் லாஸ், அதுக்கு அது பஞ்சம்.

பல வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கற ஆராய்ச்சியாளர் அமெரிக்க டிவி எடைகுறைப்புப் போட்டி ஒண்ணுல கலந்துகிட்ட 14 பேரை ஆறு வருஷத்துக்கு அப்புறம் திரும்ப அளந்தார், 2016ல வந்த ஆய்வு. பெரும்பாலானவங்க எடை திரும்ப ஏறிடுச்சு, ஆனா அவங்க சும்மா இருக்கும்போது செலவாகறது மட்டும் அந்த சைஸ் ஆளுக்கு இருக்க வேண்டியதை விட ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மியாவே நின்னுடுச்சு. கிராஷ் டயட் விக்கறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க.

இப்ப அந்தப் பழைய கணக்குக்கு வருவோம். உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ சுமார் 7700 கலோரி. அப்ப தினமும் 100 கலோரி கம்மி பண்ணா வருஷத்துக்கு 36,500, வகுத்தா கிட்டத்தட்ட 4.7 கிலோ, பத்து வருஷத்துல 47 கிலோ, ஆளே காணாம போயிடுவார்! இது ஏன் நடக்கறதில்லன்னா, எடை குறையக் குறைய செலவும் குறையுது, சின்ன உடம்பை நடத்த சின்ன செலவு போதும். ஹால் குழு 2011ல கொடுத்த கணக்குப்படி நிரந்தரமா தினமும் 100 கலோரி குறைச்சா மொத்தமா சுமார் 4 கிலோ குறையும், அதுல பாதி முதல் வருஷத்துல, மிச்சம் பெரும்பாலும் மூணு வருஷத்துக்குள்ள, அப்புறம் நின்னுடும். "முதல் ரெண்டு மாசம் நல்லா இறங்குச்சு, இப்ப நின்னுடுச்சு"ன்னு புலம்பறதுக்குப் பின்னாடி இந்த வேகக்குறைவும் இருக்கு, நாள் ஆக ஆக டயட் தளர்றதும் இருக்கு.

முதல் வாரத்துலயே ரெண்டு கிலோ குறையறதைப் பத்தியும் இங்கயே சொல்லிடறேன். அதுல முக்காவாசி தண்ணி. உடம்பு மாவுச்சத்தை ஈரல்லயும் தசைலயும் சேத்து வைக்கும்போது ஒரு கிராமுக்கு சுமார் 3 கிராம் தண்ணியும் சேத்துதான் வைக்கும். சோத்தை நிறுத்தினா அது காலி, தண்ணியும் காலி. கல்யாண வீட்ல ஒரு நாள் சாப்பிட்டா மறுநாள் திரும்ப வந்துடும், அது கொழுப்பு இல்ல, பயப்படாதீங்க. நிஜ கொழுப்பு எங்க போகுதுன்னு தெரியுமா? வேர்வைலனு சொல்வாங்க, இல்ல. பத்து கிலோ கொழுப்பு கரைஞ்சா 8.4 கிலோ மூச்சுல கார்பன் டை ஆக்சைடா போகும், 1.6 கிலோதான் தண்ணியாகும். பிளாஸ்டிக் பெல்ட் கட்டிட்டு வேர்க்க வேர்க்க நடக்கறது காசுக்குக் கேடு.

அப்ப ரெண்டுல எதைப் பிடிக்கறது? என் கருத்து இது, ஆராய்ச்சிகளும் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாயுது: எடையை இறக்கறதுல சாப்பாட்டுக்குத்தான் கை பெருசு, இறக்கினதைத் தக்க வைக்கறதுல உடற்பயிற்சிக்குத்தான் கை பெருசு. அமெரிக்காவுல 1994லேர்ந்து எடை குறைச்சு அப்படியே வச்சிருக்கறவங்களை பதிவு பண்ற ஒரு திட்டம் ஓடுது, அதுல 90 சதவீதம் பேர் சராசரியா தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி பண்றவங்க. அந்த டிவி போட்டிக்காரங்கள்லயும் எடை திரும்பாம பாத்துக்கிட்டவங்க நடமாட்டத்தை ரொம்ப கூட்டியிருந்தவங்கதான். சாப்பாட்டை மட்டும் குறைச்சா இறங்கற எடைல கால்வாசி தசையாவும் மத்த கொழுப்பில்லாத பகுதியாவும் போகும், கூட எடை தூக்கற பயிற்சியும் போதுமான புரோட்டீனும் இருந்தா அந்த நஷ்டம் குறையும். மசில் ஏத்தறதுக்கு நல்ல காரணம்னு சொன்னேன்ல, இதான்.

நம்ம ஆளுங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004ல சேந்து போட்டோ எடுத்து லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு, 22.3, பாக்க ஒரே மாதிரி. உள்ள அளந்தா யூட்கினுக்கு கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 23லயே எச்சரிக்கை, 25லயே உடல் பருமன்னு வச்சிருக்காங்க, இடுப்பு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. எடை மெஷின் அசையலனாலும் பேண்ட் லூஸானா நல்ல செய்திதான். சாப்பிட்டு முடிச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் நடந்தா தசை சர்க்கரையை இழுத்துக்கும், சுகர் எகிறாது, இது எடைல தெரியவே தெரியாது, ஆனா நடக்குது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சின்னு சொல்றது வெறும் எடைக்காக இல்ல.

இப்ப வரவுப் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கறது. 1992ல ஒரு ஆய்வுல, "நான் 1200 கலோரிக்குக் கீழதான் சாப்பிடறேன், எடை குறையல"ன்னு சொன்னவங்களை அந்தக் கனத் தண்ணி முறைல அளந்தாங்க. சாப்பாட்டை 47 சதவீதம் குறைச்சு சொல்லியிருந்தாங்க, உழைப்பை 51 சதவீதம் கூட்டி சொல்லியிருந்தாங்க. அவங்க வளர்சிதை மாற்றம் நார்மலாத்தான் இருந்துச்சு. வேணும்னு பொய் சொல்லல, நமக்கெல்லாம் கையில எடுத்துக் கொறிச்சது ஞாபகத்துல நிக்காது, அவ்ளோதான். காத்தைக் குடிச்சு எடை ஏறுற கதை இதுதான்.

நம்ம வீட்ல பெரிய ஒளிஞ்சான் எண்ணெய். நாலு பேர் வீடு, மாசம் 5 லிட்டர் எண்ணெய்னு வைங்க. 5 லிட்டர் சுமார் 4600 கிராம், ஒம்பதால பெருக்கினா 41,400 கலோரி, நாலு பேருக்கு, முப்பது நாளைக்குப் பிரிச்சா ஆளுக்கு தினமும் 345. நாம தட்டுல பாத்துக் குறைக்கறது சோறு, இட்லி. ஒரு டேபிள் ஸ்பூன் எண்ணெய் 120 கலோரி, அது கிட்டத்தட்ட ரெண்டு இட்லி! தாளிப்புல ஒரு கரண்டி சாய்க்கும்போது யாரும் "ரெண்டு இட்லி போடறேன்"னு நினைக்கறதில்ல. மாச மளிகை லிஸ்ட்ல 5 லிட்டரை 4 ஆக்கிட்டா ஆளுக்கு தினமும் 69 கலோரி குறையும், யாரும் பசியில வாடப்போறதில்ல, தட்டுல என்ன மாறுச்சுன்னே பல பேருக்குத் தெரியாது. கலோரி ஆப்ல ஒவ்வொரு வாயா பதிஞ்சுட்டு இருக்கறதை விட எனக்கு இந்த மளிகை லிஸ்ட் முறை பிடிக்கும், ஏன்னா இதுல மறதிக்கு இடம் இல்ல, வாங்கினதுதான் தீரும். வெளிய சாப்பிடறது மட்டும் இதுல வராது.

பாக்கெட் ஐட்டங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 2019ல அதே ஹால் 20 பேரை ஆஸ்பத்திரில தங்க வச்சு ரெண்டு வாரம் முழுக்க ஃபேக்டரில தயாரான உணவும், ரெண்டு வாரம் சாதாரண சமையலும் கொடுத்தார். மேஜைல வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ரெண்டுலயும் சமம், வேணும்கற அளவு சாப்பிடலாம். ஃபேக்டரி உணவு கிடைச்ச ரெண்டு வாரம் தினமும் சுமார் 500 கலோரி அதிகமா சாப்பிட்டாங்க, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா ஏறுனாங்க, மத்த ரெண்டு வாரத்துல அதே அளவு இறங்குனாங்க. வேகமாவும் சாப்பிட்டாங்க. பசிங்கறது மன உறுதி சமாச்சாரம் மட்டும் இல்லைங்கறதுக்கு இதை விட நல்ல ஆதாரம் தேவையில்ல, எதிர்ல என்ன இருக்குங்கறதும் முடிவு பண்ணுது.

எடை பாக்கறதுன்னா காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, வாரத்துல சில நாள் பாத்து அதோட சராசரியை எடுத்துக்கோங்க. உப்பு, தண்ணி, மாதவிடாய், நேத்து ராத்திரி சாப்பாடு எல்லாம் சேந்து ஒரு நாளைக்கு ஒரு கிலோ இப்படி அப்படி ஆடும், ஒத்த நாள் நம்பரை வச்சு சந்தோஷமோ துக்கமோ படறதுல அர்த்தமில்ல. சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க சாப்பாட்டைக் குறைச்சுட்டு நடையைக் கூட்டறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, லோ சுகர் ஆயிடும்.

கடைசியா, இது எடை குறைக்கறவங்களுக்கான சமாச்சாரம் மட்டும் இல்ல. மாரத்தான் ஓடற பொண்ணு, கபடி ஆடற பையன், செலவு எக்கச்சக்கம், ஆனா ஒல்லியா இருக்கணும்னு சாப்பாட்டைக் குறைக்கறாங்க. அப்ப உடம்பு எங்க கை வைக்கும்? எலும்புல, ஹார்மோன்ல, நோய் எதிர்ப்பு சக்தில. 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இதுக்குன்னு தனியா அறிக்கை விட்டது. எடை நார்மலாக்கூட இருக்கலாம், மெஷின் காமிச்சுக் கொடுக்காது. ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் பொண்ணுக்கு பீரியட்ஸ் மூணு மாசமா வரலன்னா, "நல்லா ட்ரெயினிங் ஆகுது போல"ன்னு விட்டுடாதீங்க, கோச்கிட்ட கேக்கறதை விட்டுட்டு நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, போறதுக்குள்ள தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி சோறு வைங்க.